நாலு கியர்

ரெய்டார் பொனெற்றைத் தூக்கி நிறுத்தியதும் செய்த முதல் வேலை, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டதுதான். புருசன் அருளானந்தன் சவப்பெட்டிக்குள் கிடந்த நாளில் வந்துபோனவர்களில் பாதிப்பேர் குளிருக்குப் போட்ட தொப்பியைக் கழற்றவில்லை என்பது சிறிதேவிக்கு ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. அவள் கைத்தொலைபேசி வெளிச்சத்தை எஞ்சினுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். பிடிக்கச் சொன்னது யோகராசா. ஹொல்ம்லியா அடுக்குமாடிக்குக் கீழே இருந்த அந்த நிலக்கீழ்க் கராஜில் விளக்குகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் இப்படியான காரியங்களில் ஒரு பெண் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் பார்க்கிறவர்களுக்கு ஒரு கம்பீரம்.

கார், எழுபதாம் ஆண்டு ஷெவெல். கறுப்பு. பொனெற்றில் நீட்டுக்கு இரண்டு வெள்ளைப் பட்டை. அருளானந்தன் அதை வாங்கி இருபது வருடம் ஆகப்போகிறது. அவர் போன மாசியில், தபால் தரம்பிரிக்கும் நிலையத்தில் வேலை முடிந்து உடுப்பு மாற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தவர், பிறகு எழும்பவில்லை. கார் அதற்கு முதல் ஐப்பசியில் குளிர்காலத்துக்காகப் போர்த்து மூடப்பட்டது. அதுவும் எழும்பவில்லை.

வாங்க வந்த ரெய்டார், திராமனிலுள்ள ஓர் அமெரிக்கக் கார்ச் சங்கத்தின் உபதலைவர். சட்டையிலேயே அது எழுதியிருந்தது. யோகராசா, அருளானந்தனின் கூட்டாளி. ஒஸ்லோத் தமிழர்களுக்குள் மசில் கார் பற்றிக் கதைக்கத் தகுதியுள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டதால் மற்றவருக்கு இப்போது ஏகபோகம்.

“உண்மையான மசில் கார் எண்டால் என்னெண்டு இவர் விளங்கப்படுத்துறார் அக்கா,” என்றார் யோகராசா. “நான் உங்களுக்குத் தமிழிலை சொல்லுறன்.”

இருபத்தைந்து வருடமாக ஒஸ்லோக் கிழவர்களின் வீடு வீடாகப் போய், நோர்வேஜிய மொழியில் மருந்து கொடுத்து, அதே மொழியில் அவர்களுடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு வருகிற சிறிதேவி, “ஓம், சொல்லுங்கோ தம்பி,” என்றாள். யோகராசாவின் நோர்வேஜிய மொழி கடைக்குப் போதும், அரசாங்கக் கச்சேரிக்குக் காணாது.

ரெய்டார் விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்திருக்கவேண்டும். நடுத்தர உடம்பு, இரண்டு கதவு. அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய வி-எட்டு எஞ்சின் அதற்குள் இருக்கவேண்டும். அதுவும் தொழிற்சாலையிலேயே வைத்ததாக இருக்கவேண்டும், பிறகு யாரும் செருகியதாக இருக்கக்கூடாது. அறுபத்துநாலுக்கும் எழுபத்திரண்டுக்கும் இடையில் வந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு வந்தவையா? அவர் உதட்டைப் பிதுக்கினார். வெறும் ஸ்ரிக்கர். இப்போது அதே பெயர்களில் விற்பவையா? நாலு சில்லுப் பூட்டிய கணினி.

இதையெல்லாம் சிறிதேவி முன்பே கேட்டிருக்கிறாள். கலியாண வீடுகளில், பூப்பு நீராட்டு விழாக்களில், ஒருமுறை ஒரு செத்த வீட்டிலும்கூட அருளானந்தன் இதே விரல்களை இதே ஒழுங்கில் மடித்திருக்கிறார். எதிரே தட்டில் சோற்றோடு நிற்கிறவன், மஸ்ராங்கும் மசில் கார்தானே அண்ணை என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும். “அது போனிக் கார். போனி எண்டால் மட்டக்குதிரை. குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் வித்தியாசம் தெரியாதவன் ஏன் கார்க்கதை கதைக்கிறாய்?” அந்த ஆள் அடுத்த விழாவில் இவரைக் கண்டால் பாயாசம் குடிக்காமலே போய்விடுவான். சைவம் பெரிதா வைணவம் பெரிதா என்று அடிபட்டவர்களின் பரம்பரைக்கு அடிபட ஏதாவது ஒன்று வேண்டும். குளிர் நாட்டில் அது இப்படி வந்து முடிந்திருந்தது.

யோகராசாவிடம் இருந்தது சத்தமில்லாத ஓர் எலெக்ட்ரிக் கார். நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட அதற்கு நாலு செக்கன் போதும். ஆகவே இந்தக் காலத்து மசில் கார் அதுதான் என்று ஒரு தனிச் சித்தாந்தம் வைத்திருந்தார். அருளானந்தன் உயிரோடிருந்தவரை அடக்கி வாசித்தார். இப்போது எடுத்துவிட்டார். ரெய்டார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் வீட்டுச் சலவை இயந்திரமும் வேகமாகத்தான் சுற்றுகிறது என்றார்.

“என்னவாம்?” என்றாள் சிறிதேவி.

“பகிடி விடுறார் அக்கா.” யோகராசா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ரெய்டாரும் திராமனிலிருந்து எலெக்ட்ரிக் காரில்தான் வந்திருந்தார். மேலே, சார்ஜ் ஏறிக்கொண்டு நின்றது.

ரெய்டார் கொண்டுவந்த பற்றரியைப் பூட்டினார். ஆசனத்தில் இருந்து, பெடலை இரண்டு தரம் மிதித்துவிட்டுத் திறப்பைத் திருகினார். கார் இருமியது, பிறகு இன்னொரு தரம் இருமியது, பிறகு கராஜின் நாலு சுவரிலும் அடிபட்டுத் திரும்புகிற ஒரு சத்தத்தோடு பிடித்துக்கொண்டது.

சிறிதேவி தன்னை அறியாமல் மேலே பார்த்தாள். மேலே கொங்கிறீற்று. அதற்கு மேலே அவளுடைய குசினி. புதன்கிழமைகளில் அருளானந்தன் ஏகெபேர்க் வெளியில் கார்க்காரர்களோடு நின்றுவிட்டுத் திரும்பும்போது, கார் கண்ணுக்குத் தெரிய முதலே அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கத் தொடங்கும். அவள் கேத்திலைப் போடுவாள். அவர் மேலே வந்து சேரவும் தேத்தண்ணி தயாராக இருக்கவும் சரி. அவர்கள் இருவருக்கும் இடையில் சொல்லாமல் நடந்த ஒரேயொரு காரியம் அதுதான். போன ஐப்பசியில் காரை மூடியபிறகு கோப்பைகள் பேசவில்லை. அவற்றைக் கழுவி அடுக்கும்போது அவளே ஒன்றோடொன்று தட்டிப் பார்த்திருக்கிறாள். அது அந்தச் சத்தம் இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு ரெய்டார், அதைப் பிடிக்கவைக்கிற அவதியில் அதுவரை கவனிக்காத, இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில் குதிரைலாடம் போல வளைந்து நின்ற பிடியில் கையை வைத்தார். முகம் வாடியது. சாப்பாட்டில் கல் கடிபட்டவரைப்போல யோகராசாவைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

“ஓட்டோமாட்.”

யோகராசா ரயரைக் குனிந்து பார்த்தார். அந்த ரயரில் பார்க்க ஒன்றுமில்லை.

“ஓட்டோமற்றிக்கா?” என்று சிறிதேவி நேரே ரெய்டாரிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டாள். அவர் அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆமாம், துரதிர்ஷ்டம் என்றார். நாலு கியர் மனுவலாக இருந்திருந்தால் கதை வேறு. இப்படிப் பார்த்தால் இது உண்மையான மசில் காரின் முக்கால்வாசி. விலையையும் அப்படித்தான் பார்க்கவேண்டியிருக்கும். மனம் நோகவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ட்ரெயிலரோடு வருகிறேன். பற்றரியைக் காரிலேயே விட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போனபிறகும் யோகராசா ரயரை விட்டு நிமிரவில்லை.

“தம்பி, இது நாலு கியர் எண்டெல்லே அவர் சொல்லுறவர்?”

“அண்ணை சும்மா ஒரு இதுக்குச் சொல்லுறவர் அக்கா.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“ஏகெபேர்க்கிலை எல்லாருக்கும் தெரியும். அந்த வெள்ளையள் பொனெற்றைத் திறந்தால் நட்டு வரைக்கும் எண்ணுவாங்கள், அவங்களிட்டை மறைக்கேலாது. தமிழாக்களுக்கு மட்டும்தான் சொல்லேல்லை. சொன்னால் நக்கலடிப்பாங்கள் எண்டு.”

“அப்ப நான் எந்த ஆக்கள்?”

யோகராசா ரயரில் இல்லாத ஒரு தூசியைத் தட்டினார்.

சிறிதேவி போர்வையை இழுத்துக் காரை மூடத் தொடங்கினாள். யோகராசா மறுமுனையைப் பிடித்தார். இருவரும் கட்டில் விரிப்பதுபோல் அதை விரித்தார்கள்.

“ஞாயிறு ஆயுதபூசை,” என்றாள். “அவர் ஒவ்வொரு வரியமும் தேசிக்காய் வைச்சு ஏத்திப்போட்டுத்தான் காரை மூடுறவர். அந்த மனிசன் வர முதல், வெள்ளண வந்து ஒருக்கா உருட்டிவிடுவியளோ?”

“ஐயோ அக்கா. அண்ணை போய் ஒரு வரியம் ஆகேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை. இந்த வரியம் உங்கடை வீட்டிலை பொங்கலும் இல்லை, பூசையும் இல்லை. அதுவும் நீங்கள் போய்ப் பொட்டு வைக்கிறது எண்டால்... சனம் என்ன சொல்லும்?”

“காருக்குமோ துடக்கு?”

“கார் அண்ணையின்ரை எல்லே,” என்றார் யோகராசா. மசில் காருக்கு இலக்கணம் சொன்ன அதே குரல், அதே விரல் மடிப்பு. எது உண்மையான கார், எது உண்மையான விதவை என்று தீர்த்துவைக்க ஒரே ஆளே போதுமாக இருந்தார்.

அன்றிரவு மகள் துஷாரா ஸ்தாவாங்கரிலிருந்து ஃபோன் எடுத்தாள். ஒவ்வொரு வியாழனும் எடுப்பாள்; படிக்கட்டில் ஏறிக்கொண்டோ உடுப்பு மடித்துக்கொண்டோதான் எடுப்பாள்.

“அம்மா, வித்துப்போடுங்கோ. சும்மா நிக்கிற காருக்கு ஃபொர்சிக்ரிங் எண்டு இன்சூரன்ஸ் காசு கட்டிக்கொண்டு இருக்கிறியள். அப்பாவின்ரை ஃபோனும் இன்னும் கட்டியபடி.”

“உனக்குத் தெரியுமோ அது ஓட்டோமற்றிக் எண்டு?”

“எது?”

“கார்.”

“எனக்கென்ன தெரியும், நான் ஒருநாளும் அதுக்குள்ளை ஏறினதே இல்லையே. சின்னனிலை ஐஸ்கிறீமோடை கிட்டப் போனதுக்கே அப்பா கத்தினவர்.” துஷாரா சிரித்தாள். “வித்துப்போட்டு நீங்கள் இஞ்சை வந்து நில்லுங்கோ. ஒரு கிழமை நிண்டாலும் காணும்.” அவளுக்குப் பின்னால் யாரோ நோர்வேஜிய மொழியில் ஏதோ கேட்டார்கள். “சரி அம்மா, வைக்கிறன்.”

குசினியில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. சிறிதேவி இருந்த இடத்திலேயே இருந்தாள். தான் அந்தக் காருக்குள் ஏறியது மூன்று முறை. ஒருமுறை வாங்கி வந்த அன்று. மற்ற இரண்டும் ஏதோ அவசரம். கறி வாசம் ஆசனத்தில் ஏறும் என்பார். பட்டுச்சேலையின் சரிகை தோலைக் கீறும் என்பார். நிலக்கீழ்க் கராஜில் ஒரு மசில் கார் நிற்க, அந்தக் குடும்பம் பனியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கலியாணத்துக்குப் போகும். மண்டபத்தில் போய் இறங்கியதும் அவர் உண்மையான மசில் கார் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்குவார். அதில் இருந்த பகிடியை அந்த மண்டபத்தில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பெரிய சத்தத்தோடு கதைக்கிற சின்ன உடம்பு மனிதர். அளவுக்குப் பொருந்தாத எஞ்சின். தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டது.

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குக் கார் ஓடவேண்டும் என்று வந்தபோது அவள் நாற்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். ஓட்டோமற்றிக்குக்கு மட்டுமான லைசென்ஸ். வேலையில் கொடுத்த குட்டி எலெக்ட்ரிக் காரை, மலை ஏறி இறங்குகிற ஒஸ்லோத் தெருக்களில் பனியிலும் மழையிலும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறாள். லைசென்ஸ் கிடைத்த அன்று, “ஒருக்கா நானும் உந்தக் காரை ஓடிப்பாக்கட்டே?” என்று கேட்டாள். அருளானந்தன் சிரித்தார். “இது நாலு கியரடியப்பா. கிளச்சை அமத்த உன்ரை காலுக்குப் பலம் காணாது. உன்ரை லைசென்சுக்குப் பொலிஸ் பிடிச்சால் ரெண்டுபேருக்கும் மறியல்.” அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பலம் காணாத அந்தக் காலால்தான் அவள் மறுநாளும் போய், எண்பது கிலோக் கிழவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி இருத்தும்போது தரையில் ஊன்றிக்கொண்டாள்.

அவர் பொய் சொன்னது அவளுக்குப் பெரிதாக நோகவில்லை. ஊருக்கே பொய் சொன்னவர். நோகிற இடம் வேறு. ஊருக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்லியிருந்தார். வீட்டுக்கென்று தனியாக ஒரு உண்மை இருக்கவில்லை. முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் இருபது பேருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நாலு தேசிக்காயும் சந்தனமும் குங்குமமும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கீழே போனாள். மின்தூக்கியில் இரண்டாம் மாடிச் சோமாலியப் பெண் ஏறி, தட்டைப் பார்த்து, பழத்தைப் பார்த்து, மரியாதையாகத் தலையாட்டிவிட்டு இறங்கினாள். இந்தக் கட்டடத்தில் யாரும் யாரையும் எதற்கென்று கேட்பதில்லை. முதலில் வந்த காலத்தில் அது நிம்மதியாக இருந்தது.

போர்வையை உருவி மடித்து வைத்தாள். பொனெற்றின் நடுவில் சந்தனம் தொட்டு அதற்கு மேலே குங்குமம் வைத்தாள். விரலில் இன்னும் சிவப்பு மீதி இருந்தது. அந்த விரல் பழக்கத்தில் நெற்றிவரைக்கும் போய் நின்றது. யாரும் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற இரண்டு கார்களிலும் கமரா இருந்தது, அவ்வளவுதான். அவள் விரலை இறக்கி, இடப்பக்க விளக்குக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். பிறகு வலப்பக்கத்துக்கும். காருக்கு மூன்று பொட்டு ஆயிற்று. சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய்களை ஒவ்வொன்றாக வைத்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. உருட்டிவிட ஆள் இல்லாமல் நாலு தேசிக்காயும் நாலு ரயரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

கதவைத் திறந்து, கீழே குனிந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்தாள். இரண்டு பெடல். வேலைக் காரில் இருப்பதுபோலவே இரண்டு. திரும்ப ஒருமுறை அடித்துப் பார்த்தாள்.

ஏறி இருந்தபோது கால் எட்டவில்லை. ஆசனத்துக்குக் கீழே தடவி ஒரு கம்பியைக் கண்டுபிடித்து இழுத்தாள். இருபது வருடம் அசையாத தண்டவாளம் அசைய மறுத்தது. கைச்சக்கரத்தைப் பிடித்து, முழு உடம்பையும் கொடுத்து இழுக்க, கீச்சென்று கத்திக்கொண்டு ஆசனம் முன்னால் வந்து நின்றது. அருளானந்தனின் இடம் போய்விட்டது. அது எந்தப் பல்லில் நின்றது என்று இனி யாராலும் சொல்லமுடியாது. பெடலில் அவளுடைய கால் வடிவாகப் பதிந்திருந்தது.

ரெய்டார் செய்ததுபோல இரண்டு தரம் மிதித்தாள். திறப்பைத் திருகினாள். இருமல், இன்னொரு இருமல், பிறகு அந்தச் சத்தம். மேலே இப்போது கோப்பைகள் ஆடிக்கொண்டிருக்கும், கேட்க ஆளில்லாமல், என்று நினைத்தாள். பக்கத்துக் கார் ஒன்று பயந்து அலாரம் வைத்துக் கத்தியது.

அரை மீற்றர் போய் நிற்பதுதான் திட்டம். பிடியை இழுத்து, பிறேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் தானாகவே நகர்ந்தது. தேசிக்காய்கள் நசிந்ததோ இல்லையோ, அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நின்றாள். இனித் திரும்பப் பின்னுக்கு எடுக்கவேண்டும். வேலைக் கார் பின்னால் போகும்போது படம் காட்டும், பீப் அடிக்கும், வழி சொல்லும். இதில் தீப்பெட்டி அளவு கண்ணாடி ஒன்று. பின்னால் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் யாருடையதோ புதுக் கார். முன்னால் மட்டும் வழி திறந்திருந்தது. வெளியே போய் வளைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடலாம் என்று முடிவெடுத்தாள். கராஜ்க் கதவு தானாக மேலே எழும்பியது. வெளியே ஐப்பசி வெயில்.

வளைக்கத் தோதான இடம் வரவில்லை என்றுதான் முதல் சந்தியில் நினைத்தாள். இரண்டாவது சந்தியில் தேடவில்லை.

முன்னால் பொனெற், நெல் காயப்போடுகிற பாயளவுக்கு விரிந்து கிடந்தது. கைச்சக்கரத்தைத் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. பிறேக்கும் யோசித்தது. எல்லா இடமும் முப்பது கிலோமீற்றர் வேகம் என்று பலகை. முப்பது மீற்றருக்கு ஒரு தெருத்திட்டி. முந்நூற்றைம்பது குதிரைகளும் ஒரு பையனுடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் வரிசையாக நடந்துபோயின. சந்தியில் பச்சை விழுந்ததும், கூரையில் குழந்தைத் தள்ளுவண்டி கட்டியிருந்த ஒரு குடும்பக் கார் சத்தமில்லாமல் அவளைக் கடந்து, கண்மூடித் திறக்க மலை ஏறி மறைந்தது. யோகராசாவின் சித்தாந்தத்தில் ஏதோ இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவோரம் நடந்தவர்கள் அந்தக் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதைப் பார்த்தார்கள். முதலில் காரை, பிறகு உள்ளே யார் என்று. கம்பளிச் சட்டை போட்ட ஒரு கறுத்த மனுசியைக் கண்டதும் பலபேருடைய முகத்தில் ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. ஒரு சின்னப் பெண்பிள்ளை மட்டும் கை காட்டியது. சிறிதேவி திருப்பிக் காட்டப் பயந்து சிரித்தாள்.

ஏகெபேர்க் வெளி வெறுமையாகக் கிடந்தது. கார்க்காரர்களின் காலம் புரட்டாதியோடு முடிந்துவிடும். தூரத்தில் ஒருவர் நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். நாய் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஓடியது. அவள் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இருந்தாள். கீழே கடலும் துறைமுகமும் தெரிந்தன. இருபது வருடப் புதன்கிழமைகளை அவர் இங்கே எங்கோ ஓரிடத்தில், மடக்குக் கதிரை போட்டு இருந்து கழித்திருக்கிறார். எந்த இடமென்று காட்டித் தர ஆளில்லை. இங்கே அவர் ஓட்டோமற்றிக் கார் வைத்திருந்த ஒரு மனிதர், எல்லாருக்கும் தெரியும், யாரும் பெரிதாக எடுத்திருக்கமாட்டார்கள். ஒரு கோப்பியைக் கொடுத்திருப்பார்கள். அவள் வர முடியாத ஓர் இடம் அவருக்கு வேண்டியிருந்திருக்கிறது. அதைச் சொல்லத் தெரியாமல், இல்லாத ஒரு கிளச்சைப் பூட்டியிருக்கிறார். பக்கத்து ஆசனத்தைப் பார்த்தாள். புதிதுபோல மினுங்கியது. ஒருவரும் இருந்து பழுதாக்காத ஆசனம்.

அதன்மேல் கிடந்த கைத்தொலைபேசி அடித்தது.

“அக்கா! கார் எங்கை? ஆள் ட்ரெயிலரோடை வந்து நிக்கிறார். நான் கீழை போய்ப் பாத்தால் இடம் வெறுமை. களவு போட்டுதோ? பொலிசுக்கு அடிக்கட்டோ?”

“இல்லைத் தம்பி. ஏகெபேர்க்கிலை நிக்குது.”

“ஏகெபேர்க்கிலையோ? ஆர் ஓடிக்கொண்டு போனது?”

அந்தக் கேள்வியில் சந்தேகம் இல்லை. உண்மையிலேயே ஒரு ஆண்பிள்ளையின் பெயரை எதிர்பார்த்துத்தான் அவர் கேட்டார். யாரென்று சொன்னால் கோபித்துக்கொள்ளவும் தயாராக இருந்தார்.

“நான்தான்.”

மறுமுனையில் கராஜின் காற்றோட்டி இரைந்தது.

“ஓட்டோமற்றிக் எல்லே,” என்றாள் சிறிதேவி.

“அக்கா... சரி அக்கா. அங்கையே நில்லுங்கோ, ஆட வேண்டாம், நான் வந்து எடுக்கிறன். இல்லாட்டில் நீங்களே பைய வாங்கோ. ஆள் அரை மணித்தியாலம் நிப்பாராம். வேறையும் ஒரு கார் பாக்க இருக்காம். விட்டால் பிறகு இந்த விலைக்கு ஆள் வராது, சொல்லிப்போட்டன்.”

அவள் எஞ்சினைப் போட்டாள். கைச்சக்கரத்துக்கு மேலே வட்டக் கண்ணாடிக்குள் பெற்றோல் முள் இடப்பக்கச் சுவரில் சாய்ந்து கிடந்ததை அப்போதுதான் கண்டாள். வீட்டுக்குப் போகப் பெற்றோல் காணுமோ என்று தெரியவில்லை. வேறு எங்கே போவதற்கும் காணாது என்பது நிச்சயம்.

மலையடியில் இருந்த நிலையத்தில் சார்ஜ் போடுகிற இடங்கள் வரிசையாக நிரம்பியிருந்தன. பெற்றோல் பம்ப் இரண்டும் ஆளில்லாமல் நின்றன. வாழ்க்கையில் ஒருநாளும் அவள் பெற்றோல் அடித்ததில்லை. குழாயைக் கையில் எடுத்தபிறகுதான் காரின் வாய் எங்கே இருக்கிறதென்று தெரியாது என்பது உறைத்தது. வலப்பக்கம் பார்த்தாள். இல்லை. குழாயை வைத்துவிட்டு இடப்பக்கம் போய்த் தடவிப் பார்த்தாள். கறுப்புத் தகரம் வழவழவென்று போய்க்கொண்டேயிருந்தது. ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தாள். கோயில் வீதியிலும் இப்படித்தான், சுற்றினால் ஏதாவது நடக்கும் என்று.

சார்ஜ் ஏறுகிற காரில் சாய்ந்து நின்று சொசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெடியன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தான்.

“நம்பர்த் தகட்டுக்குப் பின்னால்,” என்றான் நோர்வேஜிய மொழியில். “ஒரு கேமில் பார்த்திருக்கிறேன்.” பிறகு காரைத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒருமுறை பார்த்தான். “உண்மையான மசில் காரா?”

“முக்கால்வாசி,” என்றாள்.

அவன் அது ஏதோ ஒரு வகை என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான். “உங்களுடையதா?”

அதற்குள் அவனுடைய கார் சார்ஜ் முடிந்ததென்று மணி அடித்தது. பதிலுக்கு நிற்காமல் கை காட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவள் பின்னால் குந்தியிருந்து நம்பர்த் தகட்டின் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். தகடு விறைப்பாகச் சாய்ந்து வந்தது. உள்ளே இருட்டாக ஒரு மூடி. மூடியைக் கழற்றி நிலத்தில் வைத்தாள். கையை எடுத்தால் தகட்டின் வில் அதைத் திரும்ப மேலே இழுத்துக்கொண்டது. ஆகவே இடது உள்ளங்கையால் தகட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குழாயைச் செருகி நெரித்தாள். பெற்றோல் உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டது. அதன் மணம் எழும்பி மூக்கில் ஏறியது. புதன்கிழமை இரவுகளில் தலையணையின் மறுபக்கத்தில் இருந்த மணம்.

காருக்குள் கைத்தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பின்கண்ணாடிக்கூடாக, பக்கத்து ஆசனத்தில் அது வெளிச்சம் விட்டு விட்டு அணைவது தெரிந்தது. நின்றது. திரும்ப அடித்தது. அவளுக்கு இரண்டு கையும் ஒழிவில்லை. பம்பில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் கார் எவ்வளவு குடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நிரம்பினால் தானாக நிற்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். தகடு கையை எதிர்த்துத் தள்ளிக்கொண்டேயிருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் அமத்திப் பிடித்துக்கொண்டு, காதைச் சாய்த்து, அந்தக் ‘கிளிக்’குக்காகக் காத்துக்கொண்டு குந்தியிருந்தாள்.